குகதாசன் வராத தபசுகாலம்

உடுப்பிட்டி
11.02.2024

அன்புள்ள லவீனா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் சுகமாக இல்லை. தவணைப் பரீட்சையில் எனக்குக் கணிதத்துக்கு முப்பத்தொன்று. அப்பா ஏசவில்லை. என் போனையும் கணினியின் வயரையும் எடுத்து றங்குப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். மே மாதம் ஓ/எல் பரீட்சை முடிந்த பிறகுதான் திறப்பாராம்.

"அப்ப நான் லவீனாவோடை கதைக்கிறது எப்பிடி?" என்று கேட்டேன்.

"கடிதம் எழுது. எழுத்தாவது திருந்தும்."

ஆகவே எழுதுகிறேன். கணினி விளையாட்டுக்குள் சந்தித்து, யாழ்ப்பாணம் நூலகப் படியில் ஒரே ஒரு தரம் நேரில் பார்த்துக்கொண்ட நாங்கள் இனிக் கடிதச் சிநேகிதிகள்.

போன் பறிபோன அன்று, விளையாட்டில் என் பாத்திரமான இருள்மொழியை நீ பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாய். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவளை நான் வளர்த்தெடுக்க இரண்டு வருடம் பிடித்தது. எங்கள் குழுவில் பதினைந்து பேர், அதில் பேயை அழைக்கும் மந்திரக்காரி நான் ஒருத்திதான். மூன்று வாரம் தொடர்ந்து வராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மார்ச் 29ஆம் திகதி கருங்கோட்டைச் சண்டை. அன்று வராதவருக்கு அதற்குப் பிறகு குழுவில் இடமே இல்லை என்று நோர்வேயில் இருக்கும் றஜிந்தன் அண்ணை சொல்லிவிட்டார். அவர்தான் தலைவர். எனக்குப் பதிலாக நீ வருவதற்குச் சம்மதித்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் கடைசிக்கு வரும் பிள்ளை. அங்கே மட்டும்தான், "பிரசாந்தி வரட்டும், பிறகு தொடங்குவம்" என்று ஆட்கள் காத்திருப்பார்கள். அந்த இடத்தை இழக்க என்னால் முடியாது.

நீ மருத்துவச்சியாக விளையாடிப் பழகியவள். இது வேறு வேலை. இருள்மொழி தனியே சண்டை போடுகிறவள் அல்ல. முதலில் பேயைக் கூப்பிடு. அது முன்னால் போய் அடி வாங்கும். நீ பின்னால் நின்று சாபங்களைப் போடு. பேயின் பெயர் குகதாசன். ஓம், எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்கும் குகதாசன் சேரின் பெயர்தான். அவரிடம் நான் வாங்கும் ஏச்சுக்கெல்லாம் அது எங்கேயாவது அடி வாங்கட்டும்.

உன்னை நம்பியிருக்கும்,
பிரசாந்தி


குருநகர்
20.02.2024

என் பிரசாந்திக்கு,

உன் கடிதம் வந்த அன்றே குகதாசனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நிலம் பிளந்து, நெருப்போடு எழும்பி, வீடு அதிரக் கத்தியது. அம்மா குசினியில் இருந்து, "ஆர் பிள்ளை வந்திருக்கினம்?" என்று கேட்டா. "ஒருத்தருமில்லை அம்மா" என்று சொல்லிச் சத்தத்தைக் குறைத்தேன்.

மறுநாள் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோவிலால் வந்து கணினிக்கு முன்னால் இருந்தேன். கை போகவில்லை.

இந்த நாற்பது நாள் தபசுகாலத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை விடுவோம். அப்பா வெற்றிலையை விட்டிருக்கிறார். கொலின்ஸ் அண்ணை இறைச்சியை விட்டிருக்கிறான். நான் பேயை விட்டிருக்கிறேன். இது ஆண்டவருக்கு வைத்த நேர்த்தி. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் குகதாசனைக் கூப்பிட மாட்டேன். காரணத்தைக் கேட்காதே, அதைச் சொல்லக்கூடாது.

பயப்படாதே, சனிக்கிழமை குழுவுக்குப் போனேன். பேய் இல்லாததால் எதிரிகள் நேராக என்னிடமே வந்தார்கள். இருள்மொழியின் கையில் இருக்கும் தடியால் அடித்துப் பார்த்தேன். பலமுறை செத்துப்போனாள். ஆனால் நேரத்துக்குப் போனேன்.

அன்புடன்,
லவீனா


உடுப்பிட்டி
26.02.2024

லவீனா,

தபால்காரர் கொடுத்த கையோடு படலையடியிலேயே நின்று வாசித்தேன். வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தேன். என்ன ஏதென்று அவர் கேட்டுவிட்டுப் போனார்.

உன் அப்பா தபசுகாலத்துக்கு வெற்றிலையை விட்டார். வலையை விட்டாரா? கடலுக்குப் போகாமல் இருக்கிறாரா? வெற்றிலை வேறு, வலை வேறு. குகதாசன் இருள்மொழியின் வலை. அவன் இல்லாமல் அவள் கரையில் நிற்கும் ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான்.

அந்தத் தடி அடிப்பதற்கல்ல! அது மந்திரத்துக்குப் பலம் சேர்ப்பது. இரண்டு வருடத்தில் நான் ஒரு தரம்கூட அதால் யாரையும் அடித்ததில்லை. குழுவில் என்ன சொல்லிச் சிரித்திருப்பார்களோ!

உனக்குப் பயமென்றால் ஒன்று சொல்கிறேன். அது பேய் அல்ல, படம். யாரோ ஒருவர் கதிரையில் இருந்து வரைந்தது. என்னை நம்பாவிட்டால் உங்கள் கோவில் சுவாமியிடம் கேள். படித்த மனிதர், சரியாகச் சொல்வார்.

தலையிடியோடு,
பிரசாந்தி


குருநகர்
08.03.2024

என் பிரசாந்திக்கு,

நீ சொன்னபடி கேட்டேன். இன்று சிலுவைப்பாதை முடிய, கனிசியஸ் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"சுவாமி, நான் ஒருக்கால் பேயைக் கூப்பிட்டனான்."

உள்ளே சுவாமியின் கதிரை கிறீச்சிட்டது.

"எங்கை வைச்சு?"

"கொம்பியூட்டரிலை."

"வந்ததோ?"

"ஓம் சுவாமி, உடனை வந்தது."

சுவாமி இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம். பிறகு, "விளையாட்டிலை பாவமில்லை பிள்ளை. கூப்பிடலாம்" என்றார். நான் நேர்த்தி வைத்திருப்பதைச் சொன்னேன். என்னத்துக்கு என்றும் சொன்னேன். அவர் குரல் மாறிவிட்டது. "அப்ப அது வேறை. அதை நீதான் காக்கோணும்" என்றார்.

ஆகவே உனக்குப் பாதி வெற்றி, எனக்குப் பாதி வெற்றி. குகதாசனைக் கூப்பிட எனக்கும் ஆசைதான், பிரசாந்தி. அடி வாங்கிக் களைத்துப்போனேன்.

இன்னொரு சங்கடம். றஜிந்தன் அண்ணை கருங்கோட்டைக்கு நேரம் குறித்துவிட்டார். நோர்வேயில் காலை பத்தரை, இங்கே பின்னேரம் மூன்று மணி. அன்று எல்லோருக்கும் விடுமுறையாம். ஏன் விடுமுறை என்று அவர் யோசிக்கவில்லை. அன்று பெரிய வெள்ளி. மூன்று மணி, ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் றேடியோகூடப் பாடாது.

திங்கட்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். "ஒரு ஆளுக்காகப் பதினாலு பேரின்ரை லீவை மாத்தேலாது தங்கச்சி" என்று பதில் வந்தது.

அன்புடன்,
லவீனா


உடுப்பிட்டி
15.03.2024

லவீனா,

உன் கடிதத்தை இந்த முறை அப்பாதான் முதலில் உடைத்தார். நான் வகுப்பால் வரும்போது முற்றத்தில் நின்றார்.

"ஆர் பிள்ளை உந்தக் குகதாசன்? கூப்பிட ஆசையெண்டு அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறாள்."

"அது பேய் அப்பா."

"எல்லாப் பெடியளும் பேயள்தான். எந்த ஊர்?"

அம்மா உள்ளே இருந்து ஓடிவந்து, "ஐயோ, அது கணக்குச் சேரின்ரை பேரெல்லோ!" என்றா. அதோடு நிலைமை இன்னும் மோசமாகியது. பேயைப் படம் கீறிக் காட்டி விளங்கப்படுத்தி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அப்பா நான் கீறிய படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "பேய்க்கு வாத்தியாரின்ரை பேரை வைச்சிருக்கிறாய். பிறகு எப்பிடி உனக்குக் கணக்கு வரும்?" என்றார். உன்னைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? "கூப்பிடாமல் இருக்கிறாளே, நல்ல பிள்ளை. அவளுக்கு எழுது." என் வீட்டிலேயே உன் பக்கம் ஆள் சேர்ந்துவிட்டது.

சரி, சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. ஒரு வழி சொல்கிறேன். நேர்த்தி உன்னுடையது, கொலின்ஸ் அண்ணையுடையது அல்ல. அவர் விட்டது இறைச்சியை. பேயைக் கூப்பிடும் பொத்தானை மட்டும் அவர் அழுத்தட்டும். மிச்சத்தை நீ பார். பத்தே நிமிடம். சத்தத்தை நிறுத்திவிடு. வேண்டுமென்றால் திரையில் குகதாசன் நிற்கும் பக்கத்தைத் துணியால் மூடு.

இது கெஞ்சல் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பிரசாந்தி


குருநகர்
22.03.2024

என் பிரசாந்திக்கு,

கொலின்ஸ் அண்ணையைக் கேட்டேன். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, "பெரிய வெள்ளி மூண்டு மணிக்குப் பேய் கூப்பிட நான்தானோ கிடைச்சன்? இறைச்சியையும் விட்டுப்போட்டு நரகத்துக்கும் போறதோ?" என்றான்.

நான் 29ஆம் திகதி போக மாட்டேன். பேயோடும் இல்லை, தடியோடும் இல்லை. அந்த நேரம் கோவிலில் இருப்பேன். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள்.

லவீனா


உடுப்பிட்டி
27.03.2024

லவீனா,

மன்னிக்கவில்லை.

உன்னிடம் நான் கேட்டது ஒரே ஒரு காரியம். முடியாதென்று பெப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் வேறு யாரையாவது பார்த்திருப்பேன். இரண்டு வருடமாக வளர்த்தவளை உன் கையில் தந்தேன். நீ அவளைத் தடியடிக்காரி ஆக்கி, கடைசியில் அவளுடைய இடத்தையும் கொடுத்துவிட்டாய். என்ன காரணம் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாத காரணத்தை நான் எப்படி மதிப்பது?

இருள்மொழியை விட்டு வெளியே வா. கடவுச்சொல்லை எழுதிய தாளைத் திருப்பி அனுப்பு. அதோடு கடிதமும் போதும்.

ந. பிரசாந்தி


குருநகர்
01.04.2024

பிரசாந்திக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் வாசி. கடவுச்சொல் எழுதிய தாளும் உள்ளே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முழந்தாளில் இருந்தேன். செபிக்க வேண்டிய நேரத்தில் கருங்கோட்டை வாசலில் பதினாலு பேர் நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது. இன்று போய்ப் பார்த்தேன். வென்றுவிட்டார்கள். உன் இடத்தில் டென்மார்க்கில் இருக்கும் ஜெயசுதன் என்ற ஒருவர் வந்திருக்கிறார். அவருடைய பேய் நன்றாக அடி வாங்குகிறதாம். தோற்றிருப்பார்கள் என்று சொல்லி உன்னைத் தேற்ற ஆசை. பொய் சொல்ல வரவில்லை.

தவம் செய்வதை வெளியில் சொன்னால் பாதி போய்விடும் என்று விபூதிப் புதன் பிரசங்கத்தில் சுவாமி சொன்னார். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. இப்போது உயிர்த்த ஞாயிறு முடிந்தது, சொல்லலாம்.

போன் பறிபோன அன்று, கடைசியாகக் கதைத்தபோது நீ அழுதாய். "கணக்கு பாஸ் பண்ணாட்டில் என்னை மேலே படிக்க விடமாட்டினம் லவீனா" என்றாய். அதற்கு முன் நீ அழுது நான் கேட்டதில்லை. உனக்குக் கணக்கு வரவேண்டும் என்றுதான் நேர்ந்தேன். எதை விடுவது என்று யோசித்தேன். இனிப்பை விடுவதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் வேலை. என்னிடம் அப்போது இருந்தவற்றில் பெரியது நீ தந்த குகதாசன்தான். அதை விட்டேன்.

லவீனா


உடுப்பிட்டி
06.04.2024

என் லவீனா,

உன் கடிதம் இரண்டு நாளாகக் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது. திரிகோண கணிதம் படிக்கும்போதெல்லாம் எடுத்து வாசித்தேன். ஆகவே திரிகோண கணிதம் படித்தேன் என்று சொல்ல முடியாது.

கோபம் இன்னும் போகவில்லை. விசரி, நேர்த்தி வைப்பதென்றால் உன்னுடையதை அல்லவா வைக்க வேண்டும்! உன் மருத்துவச்சியை விட்டிருக்கலாம். ஐஸ்கிறீமை விட்டிருக்கலாம். என்னுடைய பேயை, எனக்காக, எனக்கே சொல்லாமல் நேர்ந்திருக்கிறாய். இப்படி ஒரு நேர்த்தியை உடுப்பிட்டியிலும் குருநகரிலும் யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா?

அவ சிரிப்பா என்று நினைத்து அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டா.

"நானும் சந்நிதிக் கோயிலிலை உனக்கெண்டு நேர்ந்திருக்கிறன். நீ பாஸ் பண்ணினாப் பிறகுதான் போய் நிறைவேத்துவன். அந்தப் பிள்ளை ஏன் பாதியிலை விடுறாள்?"

"அவையளுக்கு உயிர்த்த ஞாயிறோடை முடிஞ்சுதாம் அம்மா."

"உனக்குக் கணக்குச் சோதினை முடிஞ்சுதோ?"

போய்ப் பேனையை எடுத்தேன்.

ஆகவே இதைக் கவனமாக வாசி. உயிர்த்த ஞாயிறு முடிந்துவிட்டதென்று குகதாசனைக் கூப்பிட்டிருந்தால் உன்னோடு இந்தச் சென்மத்தில் கதைக்க மாட்டேன். கூப்பிடாமல் இருந்தால் அப்படியே இரு. என் சோதனை முடியும்வரை நேர்த்தியும் முடியவில்லை. குழு இல்லையென்றாலும் இருள்மொழியை இடைக்கிடை எழுப்பி நடக்கவிடு. தடியால் யாரையும் அடிக்காதே. கடவுச்சொல் எழுதிய தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

ஜெயசுதனுடைய பேய் நன்றாக அடி வாங்குகிறது என்று நீ எழுதாமல் விட்டிருக்கலாம். அந்த வரியை மட்டும் மையால் அடித்துவிட்டேன்.

சோதனை முடிந்த அடுத்த நாள் அப்பா றங்குப்பெட்டியைத் திறப்பார். நீ உடுப்பிட்டிக்கு வா. அம்மாவும் கேட்கிறா. உனக்கும் அதற்குள் ஓ/எல் முடிந்திருக்கும். குகதாசனை நானே கூப்பிடுகிறேன். நீ பக்கத்தில் இரு. பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள், வந்ததும் சொல்கிறேன்.

உன்,
பிரசாந்தி