எழுதியவர்: மாரியம்மா

என் பாட்டுக்கார அண்ணா,

நீ போய் எட்டு மாதமாகிறது. செத்துப்போனவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

உன் மாரியம்மன் திருவிழாப் பாட்டு இப்போது கேகாலை பஸ்களில் எல்லாம் ஓடுகிறது. கித்துல்கலயில் ஒரு கல்யாண வீட்டிலும் கேட்டேன். இணையத்தில் தேடினால் 'எழுதியவர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது தெரியுமா? அதைப் பதிவுசெய்த ஸ்டூடியோ முதலாளியின் பெயர். பால்வெட்டுக்குப் போன இடத்தில், ரப்பர் மரத்தடியில் நின்று நீ கட்டிய பாட்டு அது!

நேற்று அந்த ஆளிடமே போனேன்.

"தம்பி, ஒங்க அண்ணனுக்கு அன்னைக்கே காசு குடுத்துட்டேனே."

"அது பாடினதுக்கு. எழுதினதுக்கு?"

"சீடி கவர்ல எழுதினது மாரியம்மான்னு போடச் சொன்னதே அவருதானே? ஆத்தா வந்து கேக்கட்டும், குடுக்கிறேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நம் தோட்டத்தில் கோயில் பாட்டுக்கு யாரும் தன் பெயரைப் போடுவதில்லை. சரி, வழக்கம். ஆனால் கோயிலில் பாடுவது வேறு, விற்பனைக்குப் பதிவுசெய்வது வேறு. பதிவு அவருடையதாக இருக்கலாம். வரியும் மெட்டும் உன்னுடையவை. வானொலியில் போட்டாலும் போனில் கேட்டாலும் எழுதியவனுக்கென்று தனிப் பங்கு உண்டு. அவன் போனபிறகு அது குடும்பத்துக்கு. நீ அம்மனுக்குக் கொடுத்தாய். அது அம்மனிடம் போகவில்லை, அந்த ஆளின் பையில் விழுந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

உரிமை கோரும் படிவத்தில் அண்ணி கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சாமிக்குன்னு குடுத்தத திருப்பிக் கேக்கலாமா தம்பி?"

"சாமிகிட்ட கேக்கல அண்ணி. திருடன்கிட்ட கேக்குறோம்."

அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாட்டைக் கட்டும்போது நீ எனக்கு அனுப்பிய ஆடியோ ஒன்றைப் போட்டேன். ரப்பர் பால் வாளிச் சத்தத்துக்கு நடுவே, இரண்டாவது அடி வராமல் நான்கு தடவை தடுமாறுகிறாய். ஒரு கெட்ட வார்த்தை. மறுபடியும் தொடங்குகிறாய். அண்ணி சிரித்தார், பிறகு அழுதார்.

"ஆத்தா எழுதியிருந்தா இப்பிடியா தடுமாறும்?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டார்.

ஆடியோக்களை எல்லாம் திகதியோடு படிவத்தில் சேர்த்து, பாட்டு எழுதியவர்களுக்குப் பங்கு வாங்கித் தரும் சங்கத்துக்கு இன்று அனுப்பிவிட்டேன். அலைய விடுவார்கள், தெரியும். நீ கோபித்துக்கொண்டாலும் சரி, அந்த இடத்தில் உன் பெயர் ஏறும்வரை நான் ஓயமாட்டேன்.

உன்னோடு சண்டை தீராத
உன் தம்பி