முன்சீட்டில் ஜிம்மி

அம்மா,

இன்று மாலை ஜிம்மி மழையில் நனைந்து வந்து வாசலிலேயே உடம்பை உதறியது. தையல் கடைக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளை அவசரமாக எடுத்துப் பரண்மேல் வைத்தேன். அதற்குள் நனைந்த நாயின் வாடை வீடு முழுக்கப் பரவிவிட்டது. கடலுக்குப் போன நாளின் வாடை. நீயும் நானும் சேர்ந்து பார்த்த ஒரே கடல் அது. அதற்கும் எனக்காகப் போகவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்தே கடல் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். "குவார்ட்டர்ஸ்ல லீவு குடுக்கட்டும் பாப்பா" என்பாய். எனக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் கஞ்சியையும் மாத்திரையையும் வைத்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விடுவாய். வகுப்பில் எழுந்து நின்றால் பேச்சு வரவில்லை என்று நான் பத்தாவதோடு நின்றபோதும், ஒரு நாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நீ கேட்கவில்லை. லீவு என்பது நம் வீட்டுக்குக் கிடையாது என்றே நினைத்திருந்தேன்.

பிறகு, நீ வேலை செய்த வீட்டு அய்யா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனார்கள். கட்டில், பீரோ, பூந்தொட்டிகூட லாரியில் ஏறியது. அவர்கள் வளர்த்த ஜிம்மி ஏறவில்லை. பூட்டிய கேட்டின் முன்னாலேயே கிடந்ததாம். அய்யா வேலை முடிந்து வந்து இறங்கும் ஷிப்ட் பஸ் நின்றால் மட்டும் ஓடிப்போய், இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக மோந்து பார்க்குமாம். சில நாள் பொறுத்துப் பார்த்த நீ, துணி காயப்போடும் கயிற்றில் கட்டி மந்தாரக்குப்பத்தில் நம் வீடு வரை நடத்தியே கூட்டி வந்தாய்.

"இன்னாம்மா இது?"

"வுட்டுட்டுப் போயிட்டாங்க பாப்பா. நம்ம வூட்ல ஒரு மூலையில கெடந்துட்டுப் போவட்டும்."

அது மூலையில் கிடக்கவில்லை. உன் பாயில் படுத்தது. அதைத் தங்கம் என்றாய், ராஜா என்றாய். என்னைக் கடைசியாக எப்போது தங்கம் என்று கூப்பிட்டாய் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

ராஜாவுக்கு முதுகில் சொறி வந்து முடி கொட்டியது. கடல் தண்ணீரில் குளிப்பாட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ உன்னிடம் சொல்லிவிட்டார்கள். புது வீட்டில் வேலைக்குச் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை, லீவு போட்டுவிட்டாய்.

பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். கடலூர் துறைமுகத்தில் மீன் எடுக்கப் போகும் அந்தோணி அண்ணனின் குட்டியானை வண்டியில் கிளம்பினோம். ஜிம்மியின் முதுகு முழுக்க நீ அரைத்துப் பூசிய மஞ்சளும் வேப்பிலையும்.

"இன்னாக்கா, மாப்ளைக்கு நலங்கு வெச்சிக் கூட்டியாந்துக்கிற போல?" என்றார் அண்ணன்.

"ஆமாண்டா, ஒனக்குத்தான் ஆவல, இவனுக்காவது ஆவட்டும்."

முன்னால் ஒரு சீட்தான். நீ ஏறி, ஜிம்மியை மடியில் வைத்துக்கொண்டாய். "நீ பின்னால காத்தாட வா பாப்பா. அவன் பயந்துக்குவான்" என்றாய். வடலூர், குறிஞ்சிப்பாடி எல்லாம் தாண்டும் வரை காலி மீன் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக உன் தோளில் கிடந்த அதன் தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் நம்மை இறக்கிவிட்டு அண்ணன் துறைமுகத்துக்குப் போனார். நான் கடலைப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு நேராக முழங்கால் ஆழத்துக்குப் போய்விட்டாய். புண்ணில் உப்புத் தண்ணீர் பட்டதும் அது அலறிய அலறலில் கரையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். உன் பிடியிலிருந்து துள்ளி ஓடியது. பேன்ட்டை மடித்துவிட்டு நடந்துகொண்டிருந்த ஒரு நரைத்தலைக்காரரிடம் போய் மோந்து பார்த்தது. விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனது. அப்புறம் இன்னொருவரிடம்.

யாரைத் தேடுகிறது என்று நம் இருவருக்கும் தெரிந்தது. நீ ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்துவிட்டாய்.

"வுட்டுட்டுப் போன ஆளத் தேடுது பாரு. சோறு போட்டவ இங்க உக்காந்துக்கினு இருக்கேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாம போய்ட்டா நம்மள எவ இப்படித் தேடப் போறா?" என்றாய்.

"அதான் ஒன் ராஜா கீறானே" என்றேன்.

"வாயே தெறக்கமாட்டா. தெறந்தா இப்படித்தான்" என்று என் தலையில் தட்டினாய்.

தேடி முடித்து அது தானாகவே திரும்பி வந்தது. நீ அதைத் தொடவில்லை. அண்ணன் வண்டி வந்ததும் அதை முன்சீட்டில் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "அவன்கூட நான் காய்" என்றாய். ஐஸ் தண்ணீர் ஒழுகி என் பாவாடை நனைந்தது. என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய். குறிஞ்சிப்பாடியில் ஜிம்மி கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் அசையாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பழம் விட்டுவிட்டாய். அன்று இரவும் அதுதான் உன் பாயில்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மெயின் ரோடு வரை துரத்திக்கொண்டு ஓடியது ஜிம்மிதான். நான் உன் செருப்பை எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். உன்னைத் திரும்பக் கொண்டுவந்தபோது, கூட்டத்தில் குரைக்கும் என்று அதைப் பின்வீட்டில் கட்டிவிட்டார்கள். அது உன்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அதனால்தான் சாயங்காலமானால் அது என்னை மெயின் ரோட்டுக்கு இழுக்கிறது. பஸ் நின்றால் ஓடிப்போய் இறங்குகிற பெண்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறது. "இன்னாடி, நாய காத்து வாங்கக் கூட்டிக்கினு வந்தியா?" என்று கேட்கிறார்கள். தலையாட்டிவிடுகிறேன்.

எனக்கு அதன்மேல் இன்னும் பொறாமைதான் அம்மா. பாய்க்காக இல்லை, முன்சீட்டுக்காகவும் இல்லை. ஒவ்வொரு பஸ் வரும்போதும் அதற்கு வால் ஆடுகிறது.

கயிறு என் கையில்தான் இருக்கிறது. பஸ் நின்றதும் அது இழுக்கிறது. நானும் ஓடுகிறேன். அது பார்த்து முடிக்கும் வரை, நானும் முகங்களைப் பார்க்கிறேன்.