கழித்துப் பார்த்தால் நான்கு

மார்ச் 4, செவ்வாய்

டாக்டரம்மா இன்றும் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். போன், பை, பேனா எல்லாவற்றையும் வெளியே பெட்டியில் பூட்டிவிட்டு, ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் போனார். பக்கத்து நாட்டு அரசின் சுகாதாரப் பதிவுகளை அங்கே திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான். ஓர் அட்டவணை வெளியே போக வேண்டுமென்றால் அறைக்குப் பொறுப்பாளரான நான் சரிபார்த்து விட வேண்டும். அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை மறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த அனுமதிக்காகப் பதினான்கு மாதம் நடையாய் நடந்தோம். இங்கிருந்து அங்கே கல்குவாரி வேலைக்குப் போய் நுரையீரல் கெட்டவர்களை எந்த நாடும் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டரம்மா சேர்க்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

முதல் அட்டவணையை டாக்டரம்மாவின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். பதினோரு குவாரிகள். ஒன்றில் நான்கே நோயாளிகள். அந்த எண்ணை மறைத்தேன். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 15, சனி

பல்வலி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தபோது அட்டவணையின் கடைசி வரி கண்முன் வந்தது. மொத்தம். மொத்தத்தை அப்படியே விட்டிருக்கிறேன் — ஐயோ.

மற்ற பத்தையும் கூட்டி மொத்தத்தில் கழித்தால் நான்கு வந்து நிற்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. பதினாறு வருஷம் இதே வேலை பார்த்து என்ன கிழிச்சேன்? அந்தக் குவாரி முதலாளி கண்ணுல பட்டா, இருமுற நாலு பேரையும் அன்னிக்கே மூட்டை கட்டி அனுப்பிடுவானே!

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னும் திறக்கவே இல்ல மேடம். அக்கா வீட்டுல இருக்கேன்."

அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டார். ஆனால் இப்படி ஏதாவது நடந்தால் ஒரு நாளுக்குள் அந்த நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

"சொன்னா அறையை மூடிடுவாங்களா?" என்று கேட்டார்.

"தெரியல."

"சொல்லாம இருக்க முடியாதா மேடம்?"

வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். "ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. நீயா எதுக்கு வம்பை விலைக்கு வாங்குற?"

எனக்குத் தெரியுமே.

மார்ச் 17, திங்கள்

எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கத்து அதிகாரி எப்போதும் ஒரே வரியில்தான் பதில் போடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஒருவரி'. இன்றும் ஒரு வரிதான்: அறையைப் பூட்டவும்.

பூட்டினேன். டாக்டரம்மா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 20, வியாழன்

பதில் இல்லை.

மார்ச் 26, புதன்

ஒருவரி போனில் வந்தார்! இன்று ஒரு பக்கம் பேசினார்.

"இத்தனை வருஷத்துல, தப்பு பண்ணிட்டேன்னு தானா வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்கல்லாம் தப்பே பண்ணலைன்னு நான் நம்பணுமாம்!" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மொத்தத்தைப் பத்தி எங்க கையேட்டுலயே ஒரு வார்த்தை இல்ல. இப்பதான் சேர்த்திருக்கோம். நாளைக்கு அறையைத் திறந்துடுங்க" என்றார்.

வயிற்றில் பாலை வார்த்தார் மனிதர். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த வழியாக வந்த ஆபீஸ் எழுத்தர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

மார்ச் 27, வியாழன்

இந்த முறை இரண்டு குவாரிகளின் எண்களை மறைத்தோம். கழித்தால் இரண்டும் சேர்ந்த எண்தான் வருகிறது. எது எந்தக் குவாரிக்கு என்று தெரியாது. டாக்டரம்மாவும் நானும் மேலிருந்தும் கீழிருந்தும் கழித்துப் பார்த்தோம். பிடிபடவில்லை.

"என் மேல கோபமா டாக்டரம்மா?" என்றேன்.

"ஒரு வாரம் திட்டித் தீர்த்தேன். இப்ப இல்ல."

மே 29, வியாழன்

டாக்டரம்மா வெளியிட்ட அட்டவணையைப் பார்த்த பிறகு, பதினோரு குவாரிகளிலும் எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுக்க இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டன. நோய் இருந்தால் அங்கேயே வைத்தியம். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

டாக்டரம்மா, நான்கு என்று வந்த அந்தக் குவாரியிலிருந்தே பேசினார். "வரிசை கேட் வரைக்கும் நிக்குது மேடம்!"

"அந்த நாலு பேரு?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"இதுலதான் எங்கயோ நிக்கிறாங்க. யாருன்னு எனக்கும் தெரியாது."

போனை வைத்துவிட்டு டீ போட்டுக் குடித்தேன். இரண்டு டம்ளர்.