பின்வாசல் வரை அம்மா நடந்தது

அன்பு மகள் அலுமிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையில் இங்கே வீடும் சுகம், வீட்டில் இருக்கிற நாங்கள் இருவரும் சுகம். அங்கே பிரிஸ்பேனில் நீயும் மருமகனும் சின்னவளும் காய்ச்சல் சளி எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனைப் போட்டால் முகமே தெரியும் காலத்தில் அப்பாவுக்கு ஏன் கடிதம் எழுதத் தோன்றியது என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் ஒவ்வொரு வார்த்தைக்கும் திருத்தம் சொல்வாள். பக்கவாதத்தில் அவளுக்கு இடது கையும் இடது காலும்தான் விழுந்தன, நாக்குக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது. அதோடு உன்னிடம் மறைத்த சில விஷயங்களை நான் சொல்லியாக வேண்டும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் நீ பேசியபோது, ஈஸ்டருக்குள் அம்மா யார் துணையும் இல்லாமல் பின்னால் கழிவறை வரை போய்வர முடியவில்லை என்றால் பிரிஸ்பேனுக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்றாய். நானும் சரி, கூட்டிப் போ என்றேன். அம்மாவும் போனில் தலையை ஆட்டினாள். போனை வைத்த பிறகு அவள் சாப்பிடவில்லை. சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து முன்னால் வைத்தேன், தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, “அந்த ஊர்ல கதவத் தொறந்தா என் பேரு தெரிஞ்சவ ஒருத்தி நிப்பாளா? நீயும் என்னத் தள்ளி விடுறதுன்னு முடிவு பண்ணிட்டல்ல” என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னை எத்தனையோ திட்டியிருக்கிறாள், எதுவும் இப்படி உள்ளே போய்த் தைத்ததில்லை. ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

நம்பிக்கை போன கதையைத்தான் உன்னிடம் மறைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மா எவ்வளவு பாடுபட்டாள் என்று நீ பார்க்கவில்லை. சுரேகா என்று லம்பாசா டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, நடக்கக் கற்றுக்கொடுக்கிறவள், இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை சுகாதார வண்டியில் வருவாள். ஒல்லிக் குச்சி, ஆனால் உன் அம்மாவின் எடையை இடுப்பில் ஒரு துணிப்பட்டையைப் போட்டுப் பிடித்தே தாங்கிவிடுவாள். முதல் மாதம் நடப்பது என்ற பேச்சே இல்லை. கட்டில் ஓரத்தில் விழாமல் உட்கார வேண்டும், பிறகு எழுந்து முப்பது எண்ணும்வரை நிற்க வேண்டும், பிறகு உடம்புப் பாரத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்ற வேண்டும். இவ்வளவுதானா என்று நான் நினைத்தேன். முப்பது எண்ணி முடிப்பதற்குள் உன் அம்மாவின் ரவிக்கை வேர்வையில் நனைந்துவிடும். அப்புறம் சுரேகா அளவு சொல்ல, வீட்டுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மூங்கிலை எதிரெதிரே கட்டினேன். அதற்குள் தினமும் காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை. முதலில் தடி, அப்புறம் சுகமில்லாத கால், கடைசியில் நல்ல கால், குதிகால் முதலில் படவேண்டும். அந்த இடது காலுக்கு உன் அத்தை தொரிகாவின் பெயரை வைத்திருக்கிறாள், கூப்பிட்டால் ஒரு நாளும் வரமாட்டாளாம். “தொரிகா, எழுந்து வாடி, சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளா வருவியே” என்று அவள் கத்துவது கடற்கரை வரை கேட்கும். என் தங்கையே வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டுவிட்டு இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. மழை பெய்தாலும் உன் அம்மா விடமாட்டாள், தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு நடப்பாள். என்னை அப்படி நடக்கச் சொன்னால் மூன்றாம் நாள் படுத்துவிடுவேன், உண்மையைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

ஜனவரியில் மூங்கிலைப் பிடிக்காமலே நடந்தாள், நாலு கால் வைத்த அந்தத் தடி மட்டும்தான். ஆனால் வீட்டுக்குள் வந்தால் விழுந்தாள். மூன்று தடவை விழுந்தாள், அலுமிதா. நீ போனில் பார்த்து, கன்னத்தில் என்ன கறுப்பு என்று கேட்டாயே, கதவில் இடித்துக்கொண்டாள் என்று பொய் சொன்னேன். வெளியே மேடுபள்ளத்தில் விழாதவள் வீட்டுக்குள் பாயில் எப்படி விழுவாள் என்று எனக்குப் புரியவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன், கவனக்குறைவு என்று நினைத்தேன், மூன்றாம் தடவை ஊர்க்காரர்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டவும் திட்டினேன். அப்புறம் பயம் வந்தது. மறுபடியும் அவளைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போக ஆரம்பித்தேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வெளியே திரும்பி நிற்பேன். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த நாக்கு அந்த இடத்தில் மட்டும்தான் அடங்கியது. அந்த நேரத்தில்தான் நீ கேட்டாய், நானும் சரி என்றேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமை சுரேகா வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் மூங்கிலில் நடக்கவைத்துப் பார்த்தாள், குறையே இல்லை. “மாமா, எனக்கு இவங்க விழுற இடத்தக் காட்டுங்க” என்றாள். உள்ளே வந்தோம். நம் வீடு இப்போது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் ஊர் சும்மா இருக்குமா? அன்றைக்கும் ஏழு பேர், குடிக்க யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து நடுவில் வைத்துக்கொண்டு சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நம் வைசாலே பெரியவர். கட்டிலிலிருந்து பின்வாசல் வரை நடங்கள் என்று சுரேகா சொன்னாள். அம்மா எழுந்தாள், நிமிர்ந்து நாலு அடி வைத்தாள். உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் வந்தாள். “துலோ, துலோ” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இடுப்பை மடித்துக் குனிந்தாள், இடது முழங்கால் மடங்கியது, சுரேகா பாய்ந்து பட்டையைப் பிடித்திருக்காவிட்டால் நாலாவது தடவை.

“நீங்க எதுக்கும்மா குனிஞ்சீங்க?” என்று சுரேகா கேட்டாள். உன் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “குனியாம? பெரியவங்க உக்காந்திருக்காங்க, அவங்க தலைக்கு மேல நெஞ்ச நிமித்திட்டுப் போகச் சொல்றியா? எங்கம்மா என்ன அப்படியா வளத்தா?” என்றாள். நாங்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தோம், மூன்று தடவையும் கண்ணால் பார்த்தோம், ஒருத்தருக்காவது அவள் குனிந்தாள் என்று தெரிந்ததா? குனிவதை நாம் எங்கே பார்க்கிறோம், நாமும்தானே நாள் முழுக்கக் குனிகிறோம். கவனம் இல்லை என்று நான் திட்டினேனே, அவள் எனக்கும் என் சொந்தக்காரர்களுக்கும் மரியாதை கொடுக்கப் போய்த்தான் விழுந்திருக்கிறாள்.

குனிந்தால் அந்தக் கால் தாங்காது, இன்னும் ஒரு வருஷத்துக்கு நினைக்கவே கூடாது என்று சுரேகா சொன்னாள். உடனே எல்லோரும் பெரிய மனசு பண்ணி, உனக்கு மன்னிப்பு, நீ தாராளமாக நிமிர்ந்து நட என்றார்கள். வைசாலே பெரியவரே வாயால் சொன்னார். அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி நடந்தாள். முதல் ஆள் முன்னால் வந்ததும் உடம்பு தானாகக் குனிந்தது. இன்னொரு தடவை, அப்போதும் அதே. அறுபத்திரண்டு வருஷம் குனிந்த முதுகு யார் உத்தரவைக் கேட்கும்? கட்டிலில் உட்கார்ந்து அழுதே விட்டாள், “எனக்கு வரலடி, நான் என்ன செய்ய” என்று சுரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வைசாலே பெரியவருக்கு எழுபத்தொன்பது வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். கோவிலில் பாட்டுக்குக்கூட எழாமல் உட்கார்ந்தே பாடுகிறவர். அவர் பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார், “அவளுக்குக் குனியாம இருக்க முடியல. நமக்கு உக்காராம இருக்க முடியும்ல? தூக்கிவிடுங்கடா.” இரண்டு பேர் தூக்கினார்கள், மனிதர் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் நின்றால் மற்றவர்கள் உட்கார முடியுமா? வீடே எழுந்து நின்றது. அம்மா பதறிப்போய், “ஐயோ, எனக்காக நீங்க எந்திரிக்கலாமா, உக்காருங்க” என்று நல்ல கையைத் தூக்கித் தடுத்தாள். “நீ பேசப் பேச என் முட்டி போகுது, சீக்கிரம் நட பொம்பள” என்றார் அவர். நடந்தாள். ஏழு பேர் முன்னாலும் நடந்தாள். துலோ என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, முதுகு குனியவில்லை. பின்வாசல் நிலையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினாள். சுரேகா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து இது வீட்டுச் சட்டமாகிவிட்டது. உன் அம்மா தடியைத் தொட்டால் உள்ளே இருக்கிறவன் எவனாக இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். அவளா சும்மா இருப்பாள், ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை தடியை எடுக்கிறாள். “டேய் நெமானி, உன் பொண்டாட்டி நடக்குறாளா, எங்களுக்கு டிரில் எடுக்குறாளா?” என்று புலம்புகிறார்கள், ஆனால் ஒருத்தனும் வருவதை நிறுத்தவில்லை. வைசாலே பெரியவர் தனக்கென்று ஒரு பலகை கொண்டுவந்து போட்டிருக்கிறார், எழுவதற்குச் சுலபமாம்.

இப்போது போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மத்தியானம், நல்ல மழை, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் பாயில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் உன் அம்மா தடியோடு என் முன்னால் நிற்கிறாள். என்ன வேண்டும், தூக்கிக்கொண்டு போகவா என்று கேட்டேன். “எந்திரி” என்றாள். வெளியாட்கள் இருந்தால்தானே அந்தச் சட்டம் என்று நினைத்திருந்தேன், கட்டின புருஷனுக்கும் அவள் இத்தனை நாளும் குனிந்துதான் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வலையை விட்டுவிட்டு எழுந்தேன். என்னைத் தாண்டிப் போனாள். பின்னால் போகக் காலெடுத்தேன், திரும்பாமலே “அங்கயே நில்லு” என்றாள். பின்வாசலில் இரண்டு படி, சுகமில்லாத காலை முதலில் இறக்கினாள், சுரேகா சொன்னது சொன்னபடி. மழையில் நனைந்துகொண்டே தடியை ஊன்றிப் போனாள். கழிவறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக உன் அம்மா அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள், அலுமிதா. நான் நின்ற இடத்திலேயே சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். திரும்பி வந்து என்னைப் பார்த்துவிட்டு, “எழவு விழுந்த மாதிரி ஏன் நிக்கிற, போய் மரவள்ளிக்கிழங்க அடுப்புல வை” என்றாள்.

அதனால் கூட்டிப் போ என்று நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஈஸ்டருக்கு வா, அம்மாவைப் பார்க்க வா, அவளுக்குச் சீட்டு எடுக்காதே. மருமகனை இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்று சொல், சின்னவளுக்கு நம் பாஷையில் நாலு வார்த்தையாவது சொல்லிக்கொடு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகள் செய்யும் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே முதியோர் இல்லத்தில் பத்துப் பேரைக் கைபிடித்து நடத்துகிறவள் நீ, பழக்கத்தில் இங்கேயும் கையை நீட்டுவாய். நீட்டாதே. நீ பாயில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா தடியை எடுத்தால், எழுந்து நில்.

அம்மாவின் முத்தங்களோடு,
உன் அப்பா
நெமானி