தீக்காப்பு ஆணையே முதலில் எரிந்த வரலாறு

வளம் பெருகுக. மாரி பொழிக. அடுப்பிலும் அகல்விளக்கிலும் வேள்விக் குண்டத்திலும் அன்றி இந்நாட்டில் வேறெங்கும் நெருப்புக் குடியேறாதிருக்க.

வேங்கைமலை நாட்டின் முடியுடைத் தலைவரும், பொன்னிலை ஆற்றின் இருகரையையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், குடிகள் குறை சொல்ல வரும் நாளில் அவர்கள் உண்டபின் தாம் உண்பவருமான வேழநம்பி வேந்தர் திருவாய் மலர்ந்தருளியபடி, வேங்கைக்கோட்டை ஓலை மண்டபத்திலிருந்து விடுக்கும் ஓலை. தென்கரை மண்டலம் காத்து நிற்பவரும், எழுபது யானைகளும் எழுநிலை மாடமும் உடையவருமான பூதன் மழவராயர் கண்டு மகிழ்க. தங்கள் மண்டலத்து ஏரிகள் நிறைந்தனவா, யானைகள் நலமா, தங்கள் முழங்கால் வலி தணிந்ததா என்று வேந்தர் அன்போடு வினவுகிறார்.

சென்ற திங்கள் தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. எளிதில் தீப்பற்றக்கூடிய தீயஞ்சு மனைகளுக்கு வேந்தர் விதித்த காப்பு முறைகள் செக்குக்காரர்க்கும் பஞ்சு வணிகர்க்கும் வாணம் செய்வோர்க்கும் தக்கவை என்றும், ஏழு நிலையும் மரத்தாலேயே எழுப்பிய தங்கள் மாடத்துக்கும் அதை ஒட்டி வைக்கோல் அடுக்கிய யானைக் கொட்டாரத்துக்கும் விலக்கு வேண்டுமென்றும், ஒரு மண்டலத் தலைவர் தம் மனைச் சுவரை இடித்து இரண்டாம் வாயில் வைப்பது மதிப்புக் குறைவென்றும் அதில் எழுதியிருந்தீர்கள். வேந்தர் அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் முறை கேட்கும்போது கண்ணில் நீர் வரச் சிரித்தார். தர இயலாது என்று ஒரு சொல்லில் எழுதி அனுப்பினால் மழவராயர் மனம் நோவார். ஆகவே நம் அமைச்சருக்கு நேர்ந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்புக என்று அருளினார். தாங்கள் சாய்ந்து அமர்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டு, பொறுமையாகப் படித்தருள்க.

அந்த அமைச்சர் ஆதிச்சன் விழுப்பரையர். தாங்கள் அறிவீர்கள், நாட்டின் நில ஏடுகளுக்கும் ஆணை ஓலைகளுக்கும் அவரே பொறுப்பு. அறிவில் குறைவில்லாதவர். அந்த அறிவைப் பற்றிய நினைப்பிலும் குறைவில்லாதவர். உடலிலும், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், யாதொரு குறைவும் இல்லாதவர். இரண்டாண்டு முன் பஞ்சுக் கடைத்தெரு எரிந்து பதினேழு குடும்பங்கள் கட்டிய துணியோடு நடுத்தெருவில் நின்றபோது, அந்தச் சாம்பலைப் பார்த்து இவர் கண்கலங்கினார் என்பது மெய். தீக்காப்பு முறைகளை வகுத்ததும் அந்தக் கலக்கத்தால்தான். அவர் நெஞ்சில் கெடுதல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது, ஏனெனில் இனிச் சொல்லப்போவதில் அவருக்குப் பெருமை தரும் செய்தி மிகச் சிலவே.

அவர் வகுத்த முறை இது. தீயஞ்சு மனை ஒவ்வொன்றுக்கும் வெளிப்புறமாகத் திறக்கும் இரண்டாம் வாயில் வேண்டும். அதனருகே பன்னிரண்டு குடம் நீரும் இடுப்பளவு மணலும் எப்போதும் இருக்கவேண்டும். உள்ளே மூடியில்லா விளக்கு எரியலாகாது. இவையன்றி, மனைக்கு உடையவர் ஆண்டுதோறும் மூங்கிலும் கீற்றும் செங்கலும் நெல்லும் தம் மனையின் அளவுக்கேற்ப ஊர்ப் பொதுக் களஞ்சியத்தில் மீட்புப் பங்காக வைத்தாக வேண்டும். எவர் மனை எரிந்தாலும் அக்களஞ்சியத்திலிருந்து எடுத்து மனையைக் கட்டி, கட்டி முடியும்வரை அக்குடும்பத்துக்குச் சோறும் போடுவது. பங்கு வையாதவர்க்கு ஒரு கீற்றும் இல்லை. விருப்பமுள்ளவர் சேரலாம் என்று விட்டால் எவரும் சேரமாட்டார், எரிந்தபின் எல்லாரும் கைநீட்டுவர் என்பதால், கட்டாயம் என்றே விதித்தார். நல்ல முறைதான், எவரும் குறை சொல்ல இயலாது.

குறை சொல்ல ஒருவர் வந்தார். ஓலை மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில் எட்டுச் செக்கு ஓட்டும் காளி நங்கை என்னும் அம்மையார். மூன்று தலைமுறையாக எங்கள் செக்கு எரிந்ததில்லை, இரண்டாம் வாயில் வைத்தால் எண்ணெய் வாங்க வருவோர் ஒருபுறமும் திருட வருவோர் மறுபுறமும் நுழைவரே என்று அவையில் கேட்டார். அது போகட்டும் என்று விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அம்மையார் விடவில்லை. உலர்ந்த ஓலை, அதன்மேல் பூசிய எண்ணெய், பக்கத்திலே விளக்கு, வாயிலும் ஒன்றே ஒன்று. இப்படி இருக்கும் ஓலை மண்டபம் ஏன் தீயஞ்சு மனைகளின் பட்டியலில் இல்லை, ஐயா, என்றும் கேட்டுவிட்டார். அவையில் இருந்தோர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். விழுப்பரையருக்கு முகம் சிவந்தது. அரச மனைகளைத் தெய்வமே காக்கும் என்று விடை சொன்னார். அத்தோடு நில்லாமல், விதிக்கு உடன்படும்வரை அம்மையாரின் செக்குகள் ஓடலாகாது என்று வாயிலில் கயிறும் கட்டிவிட்டார்.

ஒன்பது நாள் செக்குகள் ஓடவில்லை. அறுவடை எள் மூட்டை மூட்டையாகக் காத்துக் கிடந்தது. பத்தாம் நாள் அம்மையார் பல்லைக் கடித்துக்கொண்டு உடன்பட்டார். உடன்பட்ட விதத்தைக் கேளுங்கள்! பன்னிரண்டு குடம் கேட்டதற்கு முப்பது குடம் வைத்தார். இடுப்பளவு மணல் கேட்டதற்கு ஆளுயரம் குவித்தார். இரண்டாம் வாயிலை ஒரு வண்டி நுழையும் அகலத்துக்கு இடித்தார். இத்தனை அகலம் எதற்கு என்று ஊரார் கேட்டதற்கு, சோதிக்க அமைச்சர் ஐயா வருவாரே, அவர் வயிறும் நுழைய வேண்டாமா என்று சொன்னாராம். இது விழுப்பரையர் காதுக்கு அன்று மாலைக்குள் வந்து சேர்ந்தது. அன்றிரவு அவர் உண்டது கொஞ்சம் குறைவு என்று அவர் மனைவியார் சொல்லக் கேள்வி.

இனி ஆடித் திங்களுக்கு வருவோம். தலைநகரில் நடைமுறைக்கு வந்த ஆணையை ஐம்பத்திரண்டு படிகள் எழுதி மண்டலந்தோறும் அனுப்ப நாள் குறித்தாயிற்று. குதிரைகள் முற்றத்தில் காலால் மண் கிளறிக்கொண்டிருந்தன. ஓலைகளுக்கு முத்திரை வைப்பதில் இங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. அரக்கை உருக்குவது எப்போதும் முற்றத்து மேடையில்தான், மண்டபத்துக்குள் இல்லை. ஆனால் அன்று ஆடிக்காற்று பேயாய் அடித்தது. மேடையில் ஏற்றிய விளக்கு நான்கு முறை அணைந்தது. நல்ல நேரம் கடந்துகொண்டிருந்தது. விழுப்பரையருக்குப் பொறுமை போயிற்று. விளக்கை உள்ளே கொண்டுவருக என்றார். ஒன்று போதாது, ஆறு வேண்டும் என்றார். காற்று புகாமல் கதவைச் சாத்துக என்றார். சாத்திய கதவு காற்றில் படபடக்கவே, உட்புறமாகத் திறக்கும் அந்த ஒற்றைக் கதவின்மேல் ஏட்டுக்கட்டுகளை அடுக்கி முட்டுக் கொடுங்கள் என்றும் ஆணையிட்டார். ஆகா, தாம் எழுதிய விதியில் ஒன்றைக்கூட விட்டுவைக்காமல், அரைநாழிகைக்குள் அத்தனையையும் மீறிய பெருமை வேறெவர்க்கும் கிட்டாது.

உயரே இருந்த சிறு சாளரத்தின் வழியே ஒரு வீச்சுக் காற்று வந்தது. எண்ணெய் பூசிய ஓலை ஒன்று எழும்பி விளக்கின்மேல் விழுந்தது. அது தீக்காப்பு ஆணையின் முதற்படி. மற்ற ஐம்பத்தொன்றும் அதைத் தொடர்ந்தன. தங்களுக்கு அந்த ஆணை ஒரு திங்கள் தாமதமாக வந்ததற்குக் காரணம் இதுவே.

உள்ளே விழுப்பரையரும் எழுத்தர் அறுவரும். முட்டுக் கொடுத்த கட்டுகளை இழுக்க இழுக்கச் சரிந்து கதவை மேலும் அடைத்தன. புகை இறங்கியது. அவர் உயிருக்கு அஞ்சிக் கூவினார். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அவர் உயிரைக் காட்டிலும் பெரிதான வேறொன்று அங்கே இருந்தது. மேற்குச் சுவரோரம் நாட்டின் நில ஏடுகள் அத்தனையும் இருந்தன. எந்த வயல் எவருடையது, எந்தக் கிணற்றில் எவர்க்குப் பங்கு என்பதற்கு வேறு சான்று இல்லை. அவை எரிந்தால் நாற்பதாயிரம் குடிகள் தத்தம் வரப்பில் நின்று ஒருவரோடொருவர் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் பாவி, என் கையாலேயே கொளுத்திவிட்டேனே என்று அவர் வாய்விட்டு அழுததை எழுத்தர் அறுவரும் கேட்டனர்.

அப்போது பின்சுவரில் இடி விழுந்தாற்போல் ஓர் ஓசை. அம்மையார் புகையைக் கண்டதும் செக்காட்களை அழைத்து, செக்கு உலக்கையைத் தூக்கிக்கொண்டு, வண்டி நுழையும் அந்த வாயில் வழியே சந்துக்கு வந்துவிட்டார். பழைய குறுகிய வாயிலாக இருந்திருந்தால் அந்த உலக்கை வெளியே வந்திராது. அதைக்கொண்டு தம் செக்குச் சுவரும் மண்டபச் சுவரும் சேரும் மூலையில் இடித்து இடித்து ஓர் ஓட்டை செய்தார்கள். முப்பது குடம் நீரும் கைமாறிக் கைமாறி வந்தன. ஆளுயர மணல் பாதியாயிற்று. எழுத்தர் வெளியே பாயப் பார்த்தபோது விழுப்பரையர் வழியை மறித்து, ஏடுகள் முதலில், நாம் பிறகு என்றார். அவர் பெருமைக்குச் சொல்லத் தக்கது இந்த ஒன்று. எரிந்துகொண்டிருந்த கூரையின் கீழ் நின்று கட்டுக் கட்டாக அவரே எடுத்துக் கொடுத்தார். நில ஏடுகளில் ஓரம் கருகியது உண்டு, எழுத்துப் போனது ஒன்றுமில்லை.

ஏடுகள் போயின, எழுத்தர் போயினர், கடைசியாக விழுப்பரையர் தலையை நுழைத்தார். தோள் நுழைந்தது. வயிறு நுழையவில்லை. முன்னும் போகாமல் பின்னும் வராமல் நாட்டின் அமைச்சர் சுவரில் மாட்டிக்கொண்டார். எண்ணெய் பூசி இழுக்கலாம் என்று ஒரு செக்காள் சொன்னானாம். நெருப்பின் பக்கத்தில் எண்ணெயா, உனக்கு மூளை கலங்கிவிட்டதா என்று அம்மையார் அவனை ஏசிவிட்டு, இன்னும் இரண்டு வரிசைச் செங்கல்லைப் பெயர்க்கச் சொன்னார். வெளியே வந்து விழுந்தவரின் தாடியில் பொறி இருந்தது. அம்மையார் ஒரு குடம் நீரை அவர் தலையில் கவிழ்த்தார். தாடிக்கு அரைக்குடம் போதும் என்று பின்னர் பலர் சொன்னார்கள். அம்மையார் அப்படிக் கருதவில்லை.

இனிக் கேட்க வேண்டியது மீட்புப் பங்கின் கதை. அம்மையாரின் செக்குமனை ஒரு சுவர் இடிந்து, தீ தாவிக் கூரையில் பாதி கருகி நின்றது. அவர் பங்கு வைத்தவர். களஞ்சியம் திறந்தது, மூங்கிலும் கீற்றும் செங்கலும் வந்தன, பதினோராம் நாள் செக்குகள் ஓடின. அதுவரை அவர் வீட்டாரும் செக்காட்களும் களஞ்சியச் சோறு உண்டனர். ஓலை மண்டபமோ கூரையின்றி வானம் பார்த்தது. விழுப்பரையர் களஞ்சியத்தாரிடம் சென்று கேட்டார். பங்கேட்டைப் புரட்டினார்கள். ஓலை மண்டபத்தின் பெயர் இல்லை. இருக்க முடியாது, நீக்கியவர் அவரேதான். வேந்தரிடம் முறையிட்டார். விதி என் மனைக்கும் விதியே, ஒரு கீற்றும் இல்லை என்று வேந்தர் சொல்லிவிட்டார். ஏடுகள் மழையில் நனையலாகாதே! என் செய்வார்? தம் வீட்டுத் தோட்டத்தில் ஆசை ஆசையாகக் கட்டிய ஊஞ்சல் மண்டபத்தின் கூரையைப் பிரித்து வந்து இங்கே வேய்ந்தார். அவர் மனைவியார் மூன்று நாள் பேசவில்லை. பேசத் தொடங்கியபின், பேசாதிருந்ததே நலம் என்று அவருக்குத் தோன்றியது.

கூரை வேய்ந்த அன்று காளி நங்கை அம்மையார் வந்து பார்த்தார். குத்திக்காட்டப் போகிறார் என்று விழுப்பரையர் தலைகுனிந்து நின்றார். அம்மையாரோ கூரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஐயா, அந்த ஒன்பது நாள் கயிறு கட்டியிராவிட்டால் நான் வாயில் வைத்திருக்கமாட்டேன், வாயில் இல்லாவிட்டால் இன்று நீங்களும் இல்லை, என் வயலின் ஏடும் இல்லை. உங்கள் விதி நல்ல விதி, அதைப் பாதியில் நிறுத்தியதுதான் பிழை என்றார். விழுப்பரையர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றே பட்டியலின் முதல் வரியில் ஓலை மண்டபத்தை எழுதினார். இரண்டாம் வரியில் வேந்தரின் மடைப்பள்ளி, மூன்றாம் வரியில் தம் வீடு.

ஆகவே மழவராயர் அவர்களே, வேந்தரின் ஆணை இது. தங்கள் எழுநிலை மாடத்துக்கும் யானைக் கொட்டாரத்துக்கும் விலக்கு இல்லை. இவ்வோலை கண்ட முப்பது நாளுக்குள் இரண்டாம் வாயில் திறக்கப்படுக. குடமும் மணலும் வைக்கப்படுக. மீட்புப் பங்கு தென்கரைக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுக. இதைச் சோதிக்க, நாட்டின் தீக்கண்காணியாகப் புதிதாய் அமர்த்தப்பெற்ற காளி நங்கை அம்மையார் அளவுகோலோடு வருகிறார்; இவ்வோலையைத் தங்கள் கையில் கொடுத்து எதிரே நிற்பவர் அவரே. நல்ல சோறு இடுக. வாதாட வேண்டா, வென்றவர் இல்லை.

அரக்கு முத்திரை இல்லையே என்று ஐயுறவும் வேண்டா. ஓலை மண்டபத்தில் இனி அரக்கு உருகாது. எழுதியவன் பெயரை மறைத்தால் வரலாறு பொய்யாகிவிடும் என்று வேந்தர் விதித்தபடி, மேற்சொன்னவற்றை ஒரு வரி விடாமல், தன் வயிறு உட்படத் தன் கைப்பட எழுதியவன், பிழை செய்து பிழைத்துக் கிடக்கும் ஆதிச்சன் விழுப்பரையன். இதை எழுதிய வெற்றேடுகள் அன்று தீயிலிருந்து மீண்டவை. வலப்புறம் கருகியிருப்பது காண்க. படித்து முடித்தபின் தங்கள் விரல்களையும் ஒருமுறை பார்த்தருள்க. அவற்றில் ஒட்டியிருக்கும் கரியே இவ்வோலைக்கு முத்திரை.