வெந்நீர் ஊற்றில் மூன்றாவது ஆள்

லே,
14 செப்டம்பர் 1986

அடி யாங்டோல்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. பனமிக் வெந்நீரில் கழுத்தளவு ஊறிக்கொண்டிருப்பவளுக்கு என்ன குறை? பேருந்து ஓட்டும் முருப் நேற்று மாவு மூட்டையை இறக்கிவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "உங்க தோழி ஊத்துப் பக்கத்துல கூடாரம் போட்டாச்சு. கூட அந்தச் சோரோல். முதுகு தேய்க்கிறதென்ன, கஞ்சி ஊட்டுறதென்ன! தர்ம சகோதரின்னா சும்மாவா?" என்றான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

சோரோல் என்றால் அந்தப் புதுத் தையல்காரரின் மனைவிதானே? ஊருக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட ஆகவில்லை! மடத்துப் பானையில் ஆளுக்கொரு பொருளைப் போட்டு, லாமா இரண்டிரண்டாக எடுக்க, சேர்ந்து வந்தவர்கள் சாகும்வரை தர்ம உடன்பிறப்பு. அதற்குத்தானே என் மோதிரத்தை உன்னிடம் கொடுத்தனுப்பினேன்? உன் பவளமணியோடு சேரும் என்று இங்கே வெண்ணெய் விளக்கு ஏற்றிவைத்துக் காத்திருந்தேன். நீ ஒரு வரி எழுதவில்லை.

அறுவடை முடிந்தால் ஊற்றுக்குப் போவது நாம் இருவரும். உன் முதுகில் என் கையைத் தவிர வேறு கை பட்டதுண்டா?

குன்சஸ்

*

பனமிக்,
19 செப்டம்பர்

அன்புள்ள கோபக்காரிக்கு,

எடுத்தது லாமா. அவர் கையை நான் பிடித்து இழுக்க முடியுமா? நீயே கணவாய் தாண்டி வந்திருக்கலாம். பேருந்தில் வாந்தி வரும் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டாய்.

சோரோலுக்குக் குழந்தை இறந்து பிறந்ததிலிருந்து இடுப்பு விழுந்துவிட்டது. அம்ச்சி வைத்தியர் ஊற்றில் ஊறச் சொன்னார். நான்தான் தூக்கி இறக்குகிறேன். "அக்கா, சுடுது, விட்டுறாதீங்க" என்று கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். ராத்திரியெல்லாம் குறட்டை. நான் போடும் வெண்ணெய்த் தேநீரில் உப்பு போதவில்லையாம். இதற்குப் போய் நீ பொறாமைப்படுகிறாய்!

கூடாரத்தில் இடமிருக்கிறது. வா.

யாங்டோல்

*

லே,
24 செப்டம்பர்

யாங்டோல்,

கழுத்தைக் கட்டிக்கொள்கிறாளா? நன்றாக இருக்கிறது. அவள் குழந்தையை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. படுத்துக் கிடப்பவள்மேல் பொறாமைப்பட வைத்துவிட்டாயே என்னை!

மூன்றாவது ஆளாக நான் வரமாட்டேன். என் மோதிரத்தை முருப்பிடம் கொடுத்தனுப்பு. அது எவரோடு சேர்ந்து வந்ததோ, எனக்குத் தெரிய வேண்டாம். அதோடு எழுதுவதையும் நிறுத்திக்கொள்வோம்.

குன்சஸ்

*

பனமிக்,
29 செப்டம்பர்

குன்சஸ்,

மோதிரத்தை அனுப்ப முடியாது. அது சோரோல் விரலில் இருக்கிறது.

முருப் சரியாகத்தான் சொன்னான். யாருடைய சகோதரி என்று நீ கேட்கவில்லை. லாமா உன் மோதிரத்தையும் அவள் வளையலையும் சேர்த்து எடுத்து, மோதிரத்தை அவளிடமே கொடுத்தார். என் பவளமணி ஆட்டுக்காரக் கிழவரின் மூக்குப்பொடி டப்பியோடு வந்தது. ஊரே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

சகோதரி படுத்தால் தூக்க வேண்டியவள் நீ. நீ லேயில் இருக்கிறாய், அதனால் நான் தூக்குகிறேன். அவளைத் தேய்க்கும்போதெல்லாம் அந்த மோதிரம் கண்ணை உறுத்துகிறது. முந்தாநாள் வேண்டுமென்றே அழுத்தித் தேய்த்துவிட்டேன். அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு, "குன்சஸ் அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறாள்.

நீ வந்தால் முறைப்படி முதலில் அவளைத்தான் கவனிக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்க்க மாட்டேன். வரும் நாளை எழுது, அன்று காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுகிறேன்.

யாங்டோல்

*

லே,
3 அக்டோபர்

அடி மண்டு,

கிளம்பினால் காலை உடைப்பேன்.

வியாழக்கிழமை பேருந்தில் வருகிறேன். வாந்தி வந்தால் வரட்டும். சோரோலுக்கு உலர்ந்த பாதாமிப் பழமும் கம்பளிப் போர்வையும் எடுத்து வைத்திருக்கிறேன். இனி அவளைத் தூக்குவது என் பொறுப்பு. முறை என்னவென்று எனக்கும் தெரியும்.

ஆனால் முதலில் உன் முதுகைத்தான் தேய்ப்பேன். பாவம் வந்தால் என் தலையில் வரட்டும். சோரோலிடம் சொல்லிவிடாதே.

உன் குன்சஸ்