நாலு மணிக்கு மேல் தண்ணீர்

12 ஆகஸ்ட் 1958, செவ்வாய். காஜா பேராங்.

அம்மாவைச் சேர்க்கலாமா என்று பார்க்க, உஜோங் பாசிரில் உள்ள முதியோர் இல்லத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். விரிப்புகள் வெள்ளையாக இருந்தன. சிறுநீர் வாடையே இல்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சுவரோரக் கட்டிலில் கிடந்த கிழவி என் கையைப் பிடித்தாள். அவள் உதடு வெடித்திருந்தது. "தங்கச்சி, ஒரு வாய் தண்ணி தாம்மா. மிஸ்ஸிக்குத் தெரிய வேணாம்."

மிஸ்ஸி என்று அவள் சொன்ன தாதியிடமே கேட்டேன்.

"நாலு மணிக்கு மேல தண்ணி இல்ல டீச்சர். கொடுத்தா ராத்திரி பூரா விரிப்பு மாத்தணும். நாங்க ரெண்டே பேரு. வீட்டுல வச்சுப் பாக்குறவங்க மட்டும் என்ன செய்றாங்களாம்?"

அம்மாவை அங்கே விடுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் தண்ணீரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மணி ஆறாச்சேம்மா. இப்ப குடிச்சா நீதான் ராத்திரி எழுந்திருக்கணும். காலையில குடிச்சுக்கிறேன்."

நான் ஒருநாளும் அவளைக் குடிக்க வேண்டாம் என்று சொன்னதில்லை. நனைந்த துணிகளை அலசும்போது அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அவள் உதட்டை இன்றுதான் உற்றுப் பார்த்தேன்.